தாம்பரம் பக்கம் ஒரு நாள்: வண்டலூரா, மலையா, பல்லாவரமா?

மே மாதம் பிறந்தால் போதும், குரோம்பேட்டையில் இருக்கிற எங்கள் வீட்டுக்குத் தென்காசியிலிருந்து சித்தி குடும்பம் வந்துவிடும். மெரினா, தி.நகர், கபாலீசுவரர் கோயில் எல்லாம் முதல் இரண்டு நாளில் முடிந்துவிடும். மூன்றாம் நாள் காலையில் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சித்தி கேட்பார்: "இங்க பக்கத்துலயே பாக்குற மாதிரி ஒண்ணும் இல்லையாடா? மறுபடியும் அந்த டிராஃபிக்ல என்னால வர முடியாது."

பல வருடங்களாக இதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. வண்டலூர். தாம்பரம், பல்லாவரம் பக்கம் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் கடற்கரை–செங்கல்பட்டு மின்சார ரயில் பாதையில், பரங்கிமலைக்கும் வண்டலூருக்கும் நடுவில், அரை நாளில் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பக்கூடிய இடங்கள் ஐந்தாறு இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரு தடவையாவது யாரையாவது கூட்டிப்போய், சிலவற்றில் பாராட்டும் சிலவற்றில் திட்டும் வாங்கியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எந்த இடம் பிரபலம் என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். கூட வருபவரின் முழங்கால் எப்படி, வெயில் எப்படி, அன்றைக்கு என்ன கிழமை என்ற மூன்றையும் முதலில் பாருங்கள்.

இந்தப் பக்கத்துக்கு இன்னொரு வினோதமும் உண்டு. பார்க்க நிறைய இருக்கிற இடத்தின் வரலாறு பெரும்பாலும் வேறெங்கோ நடந்தது. வரலாறு நடந்த இடத்தில் பார்க்க ஏறக்குறைய ஒன்றுமில்லை. வண்டலூர் முதல் வகை, பல்லாவரம் இரண்டாம் வகை.

முதலில் வண்டலூர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 602 ஹெக்டேர், கிட்டத்தட்ட 1,500 ஏக்கர். புலி, வெள்ளைப் புலி, நீர்யானை, வண்டியில் போய்ப் பார்க்கிற சிங்க உலா, உள்ளேயே பறவைகள் வந்து இறங்கும் ஓட்டேரி ஏரி. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் கூட இருந்தால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம், வண்டலூர்தான். வேறு எங்கே கூட்டிப்போனாலும் "புலி எங்கே?" என்று கேட்பார்கள்.

இந்தப் பூங்காவின் வயது பலருக்குத் தெரியாது. 1855இல் எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபோர் என்ற மருத்துவர், உயிருள்ள விலங்குகளைப் பார்க்கவே கூட்டம் அதிகம் வருவதைக் கவனித்து, ஆர்க்காட்டு நவாபிடமிருந்த விலங்குகளையும் கேட்டு வாங்கி ஆரம்பித்தது இது. அப்புறம் சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. பழைய மெட்ராஸ்காரர்கள் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வார்கள். அந்த உயிர் காலேஜ்தான் இடம் போதாமல் வண்டலூருக்கு வந்து 1985இல் திறக்கப்பட்டது. ஆகவே வரலாறு உண்டு, ஆனால் அது எழும்பூரில் இருந்து வண்டி ஏறி வந்த வரலாறு. அங்கே நின்று அதை உணர முடியாது.

குறை என்று சொன்னால் நடை. ஒரு கூண்டுக்கும் அடுத்த கூண்டுக்கும் நடுவில் நல்ல தூரம். 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனதில், முன்பு நிழலாக இருந்த பல பாதைகள் வெயிலில் வெந்தன. திரும்ப நட்டவை வளர்ந்து வருகின்றன. பேட்டரி வண்டி இருக்கிறது, ஆனால் விடுமுறை நாளில் அதற்கு வரிசையில் நிற்கிற நேரத்தில் பாதிப் பூங்காவை நடந்துவிடலாம். முழங்கால் வலி உள்ளவர்களை மே மாதம் பதினோரு மணிக்கு அங்கே நிறுத்தினால் திரும்பி வருகிற வழியெல்லாம் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். காலை ஒன்பது மணிக்கே வாசலில் இருந்தால் விலங்குகளும் சுறுசுறுப்பாக இருக்கும், நீங்களும் இருப்பீர்கள்.

அப்புறம், செவ்வாய்க்கிழமை விடுமுறை. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு வருடம் ஏழு பேரை ஒரு ஷேர் ஆட்டோவில் அடைத்துக்கொண்டு போய் மூடியிருந்த கேட்டின் முன்னால் இறக்கினேன். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. கேட்டுக்கு எதிரே இருந்த கடையில் இளநீர் வாங்கிக் குடித்துவிட்டு, "புலிக்கும் லீவு வேணும்ல" என்றார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் எந்தத் திட்டம் போட்டாலும் "புலிக்கு லீவு இல்லையே?" என்று கேட்கிறார்கள்.

அடுத்து பரங்கிமலை. என்னைக் கேட்டால், பார்க்கவும் உண்டு, வரலாறும் அதே இடத்தில் உண்டு என்று சொல்லக்கூடிய ஒரே இடம் இந்தப் பாதையில் இதுதான். மலை என்று பெயர், உயரம் சுமார் 300 அடிதான். மின்சார ரயிலும் மெட்ரோவும் ஒரே இடத்தில் நிற்கின்றன. மேலே வரை வண்டி போகிற பாதை இருப்பதால் முழங்கால் பிரச்சினை இல்லை. ஏற முடிந்தவர்களுக்குப் படிக்கட்டு இருக்கிறது, நூற்று முப்பதுக்கும் கொஞ்சம் அதிகமான அகலக் கல்படிகள். 18ஆம் நூற்றாண்டில் மெட்ராஸில் வாழ்ந்த பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தன் சொந்தச் செலவில் கட்டியவை. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் மர்மலாங் பாலத்தைக் கட்டியவரும் இவரே. வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்த மனிதர், ஊர்ச்சனம் ஆற்றைக் கடக்கவும் மலை ஏறவும் காசு செலவழித்திருக்கிறார். படி ஏறி மூச்சு வாங்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

மேலே இருக்கிற சின்னத் தேவாலயம் போர்த்துகீசியர் 1523இல் எழுப்பியது. 'பரங்கி' என்ற பெயரும் அவர்களால் வந்ததுதான். இயேசுவின் சீடரான தோமா இந்த மலையில்தான் கொல்லப்பட்டார் என்பது நம்பிக்கை. 1547இல் அங்கே மண்ணைத் தோண்டியபோது கிடைத்த கல் சிலுவையை இன்றும் பீடத்தில் பார்க்கலாம். விளிம்பைச் சுற்றிப் பழைய பாரசீக எழுத்தான பகலவியில் ஒரு வாசகம் செதுக்கியிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்தச் சிலுவையில் பலமுறை இரத்தத் துளிகள் அரும்பின என்று சொல்லி, 'இரத்தம் சிந்திய சிலுவை' என்றே அழைக்கிறார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எனக்குப் பிடித்தது வேறு: தமிழ்நாட்டு மலையில், போர்த்துகீசியர் கட்டிய கோயிலில், பாரசீக எழுத்து பொறித்த கல், அதற்கு ஏறிப் போக ஆர்மீனியர் போட்ட படி. கடல் வாணிபம் என்று பள்ளிப் பாடத்தில் படித்தது எல்லாம் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

முற்றத்தில் ஒரு மார்பளவுச் சிலையும் இருக்கிறது. வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரல் 10 அன்று, இந்த மலையின் அடிவாரத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் நேர்கோட்டை அளக்கத் தொடங்கியவர். கையில் நூறு அடி நீள எஃகுச் சங்கிலி. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய நானூறு தடவை நீட்டி மடக்க வேண்டும், அதுவும் சித்திரை, வைகாசி வெயிலில். எஃகு வெயிலில் நீளும் என்பதால் சங்கிலிக்கு நிழல் கொடுத்து, வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே அளந்திருக்கிறார்கள். ஆட்களுக்கு நிழல் இருந்ததா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. அந்த ஒரு கோட்டை அடிப்பக்கமாக வைத்து முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாக இந்தியா முழுவதையும் அளந்துகொண்டே போனதில்தான், ஐம்பது வருடம் கழித்து, எவரெஸ்ட்தான் உலகத்திலேயே உயரமான மலை என்று கணக்கில் தெரிந்தது. இமயத்தை அளந்த கணக்கின் முதல் கோடு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் பக்கம் ஓடியிருக்கிறது என்று சொன்னபோது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் தங்கை மகள், "இதை ட்ரிக்னாமெட்ரி வகுப்பில் ஏன் யாரும் சொல்லவில்லை?" என்று கேட்டாள்.

பரங்கிமலைக்குச் சாயங்காலம் போங்கள். ஐந்து மணிக்கு மேல் காற்று வரும். மேற்குப் பக்கச் சுவரில் சாய்ந்து நின்றால் மீனம்பாக்கம் ஓடுபாதை முழுசாகத் தெரியும். விமானம் இறங்குவதைக் கண்மட்டத்தில் பார்க்கலாம். சித்தி ஒரு தடவை மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, இறங்கியவை பதினொன்று, ஏறியவை ஒன்பது என்று எண்ணிச் சொன்னார். கீழே இறங்கச் சொன்னபோது, "இன்னும் ஒண்ணு வரட்டும்" என்றார். பிரார்த்தனைக்கு வருகிறவர்களின் இடம் அது, சத்தத்தைக் குறைத்துக்கொண்டால் போதும்.

கோயில் வேண்டும், குன்றும் வேண்டும் என்கிறவர்களுக்கு இரண்டு வழி. திரிசூலமா, திருநீர்மலையா?

திரிசூலம் ரயில் நிலையத்தில் இறங்கினால் ஒரு பக்கம் விமான நிலையம், மறுபக்கம் மலைகளுக்கு நடுவே திரிசூலநாதர் கோயில். சோழர் காலத்துக் கோயில். கருவறையின் பின்பக்கம் யானை படுத்திருக்கிற மாதிரி வளைந்திருக்கும், தூங்கானை மாடம் என்பார்கள். சுற்றியுள்ள நான்கு குன்றுகளும் நான்கு வேதங்கள் என்பது ஊர்க்கதை. அந்த வேதங்களில் பாதியைக் கல்குவாரிகள் தின்றுவிட்டன. கூட்டம் கிடையாது, படி கிடையாது. ஒருவருக்கொருவர் பேசாமல் அரைமணி நேரம் உட்கார இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியாது. நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தலைக்கு மேல் விமானம் போகும்போது மட்டும் அர்ச்சகரின் உதடு அசையும், மந்திரம் கேட்காது.

திருநீர்மலை இதற்கு நேர் எதிர். 108 திவ்ய தேசங்களில் ஒன்று, பல்லாவரத்திலிருந்து ஆட்டோவிலோ பேருந்திலோ போகலாம். அடிவாரத்தில் நின்ற கோலத்தில் நீர்வண்ணப் பெருமாள், மலைமேல் கிடந்த கோலத்தில் ரங்கநாதர், அமர்ந்த நரசிம்மர், நடந்த கோலமாக உலகளந்தான். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதாம், வடிவதற்கு ஆறு மாதம் காத்திருந்து சேவித்தாராம். இன்றைக்கு ஐப்பசி மழையில் அந்தப் பக்கத்துச் சாலைகளைப் பார்த்தவர்கள் யாரும் அந்தக் கதையைச் சந்தேகப்பட மாட்டார்கள். முகூர்த்த நாளில் போனால் மாலையும் கழுத்துமாக ஏழெட்டு மாப்பிள்ளை–பெண் ஜோடிகளைப் படியிலேயே பார்க்கலாம். கலகலப்பு வேண்டுமானால் இது, அமைதி வேண்டுமானால் திரிசூலம். ஆனால் ஏற்றம் உண்டு, கல்படி, செருப்பில்லாத கால். பத்து மணிக்கு மேல் போனால் உள்ளங்கால் கொப்பளித்துவிடும். இரண்டு கோயிலிலும் மத்தியானம் நடை சாத்தியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. முருகன் கோயில் படிகள் 84தான், செம்பரம்பாக்கம் ஏரியும் பக்கம். கார் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். ரயிலை நம்பி வருகிறவர்கள் விட்டுவிடலாம்.

இனி பல்லாவரம். இங்கேதான் எனக்கும் என் குடும்பத்துக்கும் சண்டை. எனக்குப் பிடித்த இடம் இது, கூட்டிப்போய் அதிகம் திட்டு வாங்கியதும் இங்கேதான்.

1863 மே 30. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரம் படைப் பயிற்சி மைதானத்துப் பக்கம் செம்மண் சரளை தோண்டிய குழியில் ஒரு கல்லைப் பார்த்தார். மனிதக் கை செதுக்கிய கல். பழைய கற்காலக் கைக்கோடரி. இந்த நாட்டில் மனிதன் எத்தனை பழையவன் என்ற கேள்வியே அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பிறந்தது. சில மாதங்களில் அவரும் கூட வேலை பார்த்த வில்லியம் கிங்கும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிற அதிரம்பாக்கம் கற்கால இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அங்கே கிடைத்த கருவிகள் 15 லட்சம் வருடம் பழையவை என்று 2011இல் ஆய்வாளர்கள் கணித்தார்கள். அந்தத் தேடல் எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி பல்லாவரம். 1880களில் இதே ஊரில் அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியல் ஆய்வாளர், இறந்தவர்களை வைத்துப் புதைக்கிற, குட்டையான கால்கள் வரிசையாக முளைத்த சுடுமண் ஈமப்பேழையைத் தோண்டி எடுத்தார். இந்த மலைக் கல்லுக்கும் தனிக் கதை உண்டு. கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை இங்கிருந்து போன கல். அதை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து, 1893இல் அந்தப் பாறை வகைக்கே 'சார்னோகைட்' என்று பெயர் வைத்துவிட்டார். உலகத்தில் எந்தப் புவியியல் மாணவனைக் கேட்டாலும் அந்தப் பெயர் தெரியும். கல் நம்முடையது, பெயர் கல்கத்தா கல்லறையில் கிடந்தவருடையது.

இதையெல்லாம் ரயிலில் வரும்போதே நான் உற்சாகமாகச் சொல்லியிருந்தேன். இறங்கியதும் சித்தப்பா கேட்டார்: "சரி, அந்தக் கல் எங்க இருக்கு?" எழும்பூரில். பேழை? அதுவும் இங்கே இல்லை. குழி? மூடி வீடு கட்டியாயிற்று. "அப்ப நாம எதைப் பாக்கப் போறோம்?" பதில் சொல்ல முடியவில்லை. கல்லை மட்டும் காட்டினேன். தெருவோரம் வெட்டிப் போட்டிருந்த, நீலம் கலந்த கருஞ்சாம்பல் பாறைத் துண்டு. தட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ல ஆட்டுக்கல்லு கொத்த நல்லாருக்கும்" என்றார்.

மலைமேல் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குடைவரை இருக்கிறது, ஐந்து அறைகள், தூண்களில் மன்னனின் பட்டப்பெயர்கள். அது நீண்டகாலமாகத் தர்காவாக வழிபாட்டில் இருக்கிறது. வண்ணப்பூச்சுக்கு அடியில் பல்லவர் வேலையைத் தேட வேண்டும். மாமல்லபுரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். இறைவனை வணங்க வந்தவர்களுக்கு நடுவே மரியாதையோடு போய்ப் பார்த்துவிட்டு வரலாம். மறைமலையடிகள் வாழ்ந்த வீடும் பல்லாவரத்தில்தான். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர், 1911இல் வேலையை விட்டுவிட்டு இங்கே குடியேறி, வேதாசலம் என்ற தன் பெயரையே தமிழாக்கிக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், அவர் விட்டு வந்த கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து கிளம்பி, அவரைத் தேடி வந்த மாதிரி தாம்பரத்துக்கே வந்துவிட்டது. அந்த வளாகம் 365 ஏக்கர் காடு, புள்ளிமான்கள் உண்டு. ஆனால் அது கல்லூரி, பூங்கா இல்லை. உள்ளே படிக்கிற பிள்ளையோ படித்த ஆளோ தெரிந்திருந்து, அனுமதி வாங்க முடிந்தால் மட்டும் யோசியுங்கள்.

பல்லாவரத்தைக் காப்பாற்றுவது வெள்ளிக்கிழமைதான். வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைக்காதது எது என்று யோசிப்பதுதான் கஷ்டம். புறா, வண்ண மீன், ரோஜாப் பதியன், உடைந்த கிரைண்டரின் உடையாத மோட்டார், ஒற்றைச் செருப்பு, யாரோ ஜெயித்த கோப்பை. போன வருடம் ஒரு பெரியவர் பழைய மிக்சிகளை வரிசையாக வைத்திருந்தார். வாங்க வந்த அம்மாவுக்கு, பேட்டரிப் பெட்டியிலிருந்து இரண்டு ஒயரை எடுத்துச் செருகி ஓட்டிக் காட்டினார். அது சுற்றியது. "ஜார் இல்லையே?" என்றார் அம்மா. "ஜார் மூணாவது கடையில, என் தம்பிகிட்ட" என்றார் பெரியவர். சித்தப்பா அங்கே இரண்டு மணி நேரம் திரிந்தார். கைக்கோடரிக்கு ஐந்து நிமிடம் கொடுக்காதவர், பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்றைக் கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்து, நாற்பது ரூபாய் குறைத்து வாங்கினார். ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும், அப்புறம் தலைகள் மட்டும்தான் தெரியும்.

ஆக, என் கணக்கு இப்படி. குழந்தைகள் இருந்தால் வண்டலூர், காலையிலேயே, செவ்வாய் தவிர. பெரியவர்கள் மட்டும் என்றால் காலையில் திரிசூலம், வீட்டில் சாப்பாடு, ஒரு தூக்கம், மாலை பரங்கிமலை. இரண்டும் சில ரயில் நிலையத் தூரம்தான், ரயில் கட்டணம் ஒரு டீ விலைகூட வராது. காலில் வலுவும் மனசில் பக்தியும் இருந்தால் திரிசூலத்துக்குப் பதில் திருநீர்மலை. வரலாற்றுப் பைத்தியம் என்றால் முதலில் எழும்பூர் போய் ஃபூட் சேகரித்த கற்களைப் பார்த்துவிட்டு, பிறகு பல்லாவரம் வாருங்கள். மாற்றிச் செய்தால் சித்தப்பா கதைதான். வண்டலூரையும் பரங்கிமலையையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாங்கள் முயன்றோம், பரங்கிமலைப் படியில் உட்கார்ந்தவர்கள் மேலே வரவே இல்லை.

இந்த வருடம் சித்தி வியாழக்கிழமை இரவு வண்டியில் ஏறுகிறார், வெள்ளி காலை தாம்பரத்தில் இறங்குகிறார். எங்கே போகலாம் என்று போனில் கேட்டேன். பின்னாலிருந்து சித்தப்பாவின் குரல்தான் முதலில் வந்தது: "அந்தத் தாழ்ப்பாளுக்கு ஜோடி கிடைக்குமான்னு கேளு."